அறுபத்திரண்டாம் சீட்டில் கால் குளிர்கிறது

நான் வேலை பார்க்கும் கட்டிடத்தில் ஏசி காற்று தரையிலிருந்து வரும். கூரையில் தேடினால் விளக்குகள்தான் இருக்கும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் முதல் நாள், காலில் ஏதோ ஊர்வது மாதிரி இருக்கிறதென்று செருப்பை உதறுவார்கள். குனிந்து பார்த்தால் கார்ப்பெட்டில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டமாக ஒரு ஜாலி, துளைகள் போட்ட மூடி, இருக்கும். அதன் வழியாகக் காற்று மெல்லச் சுழன்று மேலே வந்துகொண்டிருக்கும். அந்த ஜாலியைக் கையால் திருகிக் கூட்டலாம், குறைக்கலாம். ஆளுக்கு ஒன்று.

டில்லியில் கன்னாட் பிளேஸிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்கிற ஏழு மாடிக் கண்ணாடிக் கட்டிடம் அது. அதன் குளிருக்கும் சூட்டுக்கும் பொறுப்பான இன்ஜினியர் நான். என் மேஜை கீழே பேஸ்மென்டில், தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரங்களுக்குப் பக்கத்தில். கூட வேலை செய்யும் ஆறு பேரும் ஆண்கள். நல்லவர்கள்தான். மத்தியானம் ரொட்டியைப் பிரித்தால் எனக்கும் ஒன்று நீட்டுவார்கள். ஆனால் அவர்கள் பேச்சு கிரிக்கெட்டிலும் கிராமத்து நிலத்திலும் போகும்போது, எனக்குச் சொல்ல எதுவும் இருக்காது. நாள் முழுவதும் இந்தியில் வால்வு, பம்ப், ஃபில்டர் என்று பேசிவிட்டு, சாயங்காலம் மெட்ரோ ஏறிக் கரோல் பாக்கில் என் அறைக்குப் போவேன்.

அந்த அறையை முதலில் நானும் இன்னொரு பெண்ணும் சேர்ந்து எடுத்தோம். மதுரைக்காரி, வங்கியில் வேலை. நாலு வருஷம் ஒன்றாக இருந்தோம். அவள் கல்யாணமாகிப் புனேவுக்குப் போனபோது இரண்டாவது கட்டிலை விட்டுவிட்டுப் போனாள். வேறு யாரையாவது சேர்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். சேர்க்கவில்லை. கட்டிலில் துவைத்த துணிகளைப் போட ஆரம்பித்தேன். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். அப்பா அம்மா இருவரும் இல்லை. அண்ணன் திருப்பூரில் இருக்கிறான், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பேசுவான். சில வாரங்களில் ஒரு தமிழ் வார்த்தைகூட வாயால் சொல்லாமல் போயிருக்கிறது. அதை நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை, பால் பொங்கி வழிந்தபோது ‘அடச்சீ’ என்று சொல்லி, என் குரலைக் கேட்டு நின்றபோதுதான் கவனித்தேன்.

அந்த வருஷம் நாலாவது மாடி காலியானது. அங்கே இருந்த கம்பெனி தன் ஆட்களில் பாதிப் பேரை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டது. மீதிப் பேரை நொய்டாவுக்கு மாற்றியது. வாடகை ஒப்பந்தம் அடுத்த மார்ச் வரைக்கும் இருந்தது. அதனால் மேஜைகள், நாற்காலிகள், காய்ந்துகொண்டிருந்த தொட்டிச்செடிகள் எல்லாம் அப்படியே இருந்தன. ஒரே ஒரு ஆளைத் தவிர மனிதர்கள் இல்லை.

ஆகஸ்டில் அந்த ஒரு ஆளிடமிருந்து புகார் வர ஆரம்பித்தது. எங்களுக்குப் புகார்கள் கம்ப்யூட்டரில் வரும். ‘நாலாவது மாடி, சீட் 62, கால் குளிர்கிறது.’ முதல் நாள் ஒரு டெக்னீஷியனை அனுப்பினேன். அவர் ஜாலியை மூடிவிட்டு வந்தார். மறுநாள் அதே நேரத்துக்கு, காலை பதினொரு மணிக்கு, அதே வரி மறுபடியும் வந்தது. மூன்றாம் நாளும் வந்ததும் நானே போனேன்.

வெளியே மழை விட்டு வெயில் அடித்து, சட்டை முதுகில் ஒட்டும் புழுக்கம். லிஃப்ட் நாலாவது மாடியில் திறந்ததும் மூக்கு நுனி குளிர்ந்தது. எண்பது மேஜைகள். ஜன்னலிலிருந்து மூன்றாவது வரிசையில் ஒரு பெண்மணி, ஐம்பத்தைந்து வயதிருக்கும், சல்வாருக்கு மேலே கம்பளிச் சால்வை போர்த்தி, காலில் உல்லன் சாக்ஸோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இரண்டாள் அகலத்துக்கு ஒரு ஸ்கேனர். பழைய ஃபைல்களை ஒவ்வொரு தாளாக அதில் வைத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவர் வேலை. நொய்டாவுக்கு எடுத்துப்போக முடியாத அளவுக்குக் காகிதம் இருந்ததால் அவரை இங்கேயே விட்டிருந்தார்கள்.

“பத்து நாளா உறைஞ்சுபோய் உக்காந்திருக்கேன்,” என்று இந்தியில் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. தகவல் சொல்வதுபோலச் சொன்னார்.

தரைப் பலகையைத் தூக்குவதற்கு எங்களிடம் ரப்பர் கிண்ணம் வைத்த ஒரு கைப்பிடி உண்டு. பலகையில் வைத்து அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும், அப்படியே தூக்கலாம். பலகை நல்ல கனம். அவர் சீட்டுக்குப் பின்னால் ஒன்றைத் தூக்கி ஓரமாகச் சாய்க்கும்போது என் விரல் நசுங்கியது.

“ஆத்தாடி,” என்றேன்.

ஸ்கேனர் சத்தம் நின்றது.

“நீங்க தமிழா?” என்று கேட்டார்.

“ஆமா மேடம்.”

“மேடம் எல்லாம் வேண்டாம். அக்கான்னு சொல்லு. விரலைக் காட்டு.”

தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் விரலில் ஊற்றினார். அவர் தமிழ் ஒரு மாதிரி இருந்தது. வார்த்தைகள் மாயவரம் பக்கத்து வார்த்தைகள், இடையிடையே இந்தி. கோல் மார்க்கெட் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் பிறந்தவராம். அப்பா மந்திரி அலுவலகம் ஒன்றில் கிளார்க். “பேசுவேன், படிக்க வராது. கடை போர்டுகூட எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன்,” என்றார். கல்யாணம் ஆகவில்லை. இப்போது ஜனக்புரியில் தம்பி குடும்பத்தோடு இருந்தார். தம்பி மனைவி பஞ்சாபி. அம்மா இருந்தவரைக்கும் வீட்டில் தமிழ் இருந்தது. அம்மா போய் மூன்று வருஷம்.

“அச்சா, இது எப்படி வேலை செய்யுது, சொல்லேன்,” என்று திறந்த தரையைக் காட்டினார். “இருபது வருஷமா இதுக்கு மேலே உக்காந்திருக்கேன். உள்ளே என்னன்னு பார்த்ததில்ல.”

நான் மண்டியிட்டுக் காட்டினேன். நாம் நடப்பது நிஜத் தரை இல்லை. காங்கிரீட் தளம் ஒன்றரை அடி கீழே இருக்கிறது. அதிலிருந்து இரும்புக் கால்கள் நட்டு, மேலே இரண்டடிச் சதுரப் பலகைகளை வரிசையாகப் பரப்பியிருக்கிறார்கள். நடுவில் இருக்கிற வெற்றிடம் மாடி முழுக்க ஒரே அறை மாதிரி. மின்சார வயர், கம்ப்யூட்டர் வயர் எல்லாம் அதில்தான் ஓடும். காற்றும் அதில்தான். மாடிக்கு ஒரு பெரிய காற்றுப் பெட்டி உண்டு, லிஃப்டுக்குப் பின்னால் பூட்டிய அறையில். பேஸ்மென்டிலிருந்து ஏறி வரும் குளிர்ந்த தண்ணீர் அதிலுள்ள குழாய்களில் ஓட, விசிறி அந்தக் குழாய்கள் வழியாகக் காற்றை இழுத்துத் தரைக்கு அடியில் தள்ளும். அங்கே அழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இருப்பதால், ஓட்டை எங்கே இருக்கிறதோ அங்கே காற்று தானாக மேலே வரும். வேகம் வேண்டாம், ரொம்பக் குளிர்ச்சியும் வேண்டாம். ஆளின் காலடிக்கே வருகிறதே.

“மேல வந்து?”

“உங்க உடம்புச் சூடு, கம்ப்யூட்டர் சூடு எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு மேல போகும். சூடான காத்து லேசு இல்லையா. கூரையில ஓட்டை இருக்கு, அது வழியாத் திரும்பிப் பெட்டிக்குப் போயிடும். ஆள் நிக்கிற உயரம் வரைக்கும் குளுந்தாப் போதும். அதுக்கு மேல சூடா இருந்தா யாருக்கு என்ன.”

“குளிர்காலத்துல?”

“ஜன்னல் ஓரமாத் தரைக்குக் கீழ சின்ன விசிறிப் பெட்டி வச்சிருக்கு, வரிசையா. அதுல சுடுதண்ணி ஓடும். கண்ணாடியிலருந்து குளிர் கீழ இறங்கும்போது அடியிலருந்து சூடு ஏறித் தடுக்கும். நடுவுல உக்காந்திருக்கவங்களுக்குத் தனியாச் சூடு தர வேண்டாம்னு கணக்கு. உக்காந்திருக்கிற ஒரு ஆள் பழைய நூறு வாட் குண்டு பல்பு மாதிரி. எண்பது பேர் இருந்தா எண்பது பல்பு.”

அவர் சுற்றிலும் இருந்த காலி நாற்காலிகளைப் பார்த்தார். “அப்போ இப்ப ஒரே ஒரு பல்பு,” என்றார்.

திறந்த குழியில் தூசியோடு ஏதேதோ கிடந்தன. ஜாலி இடுக்கு வழியாக விழுந்தவை. குண்டூசி, பேனா மூடி, ஒரு சிம் கார்டு, சிவப்பு நூலில் மணி கோத்த ராக்கி. அதை எடுத்து அவரிடம் கொடுத்தேன். கையில் வைத்துப் பார்த்தார்.

“இது பின் சீட்டுல இருந்த பையனோடது. சிம்லால இருக்கற தங்கச்சி கொரியர்ல அனுப்புவா. தொலைச்சுட்டு அன்னிக்குப் பூரா தேடினான். இங்கதான் கிடந்திருக்கு.”

மறுநாள் பதினொரு மணிக்குப் புகார் வந்ததும் நானே போனேன். அதற்கு மறுநாளும். அவர் ஃப்ளாஸ்கில் டீ கொண்டுவருவார். மூடியில் அவர் குடிப்பார், எனக்கு ஒரு ஸ்டீல் டம்ளர் கொண்டுவர ஆரம்பித்தார். நான் ஏதாவது ஒரு பலகையைத் தூக்குவேன். ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் அந்தச் சீட்டுக்காரரின் ஏதோ ஒன்று கிடக்கும். ஒற்றைக் காது ஜிமிக்கி. ஒரு குழந்தையின் பால் பல், சின்ன பிளாஸ்டிக் உறையில். ஹோமியோபதி மாத்திரை டப்பி. அவர் அதை வைத்து அந்த ஆளைப் பற்றிச் சொல்வார். யார் யாரோடு பேசமாட்டார்கள், யார் டிபன் பாக்ஸை எல்லோரும் திறப்பார்கள், யார் கழிவறையில் போய் அழுதுவிட்டு வருவார் என்று. எனக்கு முகம் தெரியாத எண்பது பேரில் முப்பது பேரையாவது அவர் வழியாகத் தெரிந்துகொண்டேன்.

இனி சொல்லப்போவதைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தம் இல்லை.

அவருக்குக் கால் ஏன் குளிர்கிறது என்பது எனக்கு இரண்டாவது வாரமே தெரிந்துவிட்டது. அந்த மாடியின் வெப்பத்தை அளக்கும் சென்சார் ஒரு தூணில் இருந்தது. சரியாக அந்தத் தூணை ஒட்டித்தான் ஸ்கேனர் நின்றது. முன்பெல்லாம் அது எப்போதாவது ஓடும். இப்போது நாள் முழுக்க ஓடியது. அதன் பின்பக்கத்திலிருந்து வரும் அனல் நேராக சென்சாரில் அடித்தது. மாடி நிறைய ஆட்கள் புழுங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று காற்றுப் பெட்டி நினைத்துக்கொண்டு, எண்பது பேருக்கான குளிரை ஒருத்தருக்குத் தள்ளியது. ஜாலியை மூடினால் பலகை இடுக்குகள் வழியாகக் கசிந்தது. மற்ற ஜாலிகளில் வந்த குளிர்காற்றும், சூடேற்றி மேலே அனுப்ப ஆட்கள் இல்லாததால், தண்ணீர் மாதிரித் தரையில் பரவி அவர் காலடியில் தேங்கியது.

சென்சாரைக் கழற்றி அவர் மேஜைப் பக்கம் மாற்றவேண்டும். வயர் தரைக்கடியில்தான் ஓடுகிறது, இழுப்பது சுலபம். பிறகு பேஸ்மென்ட் கம்ப்யூட்டரில் அந்த மாடிக்கு விசிறி வேகத்தைக் குறைத்து, காற்றின் குளிர்ச்சியையும் குறைக்கவேண்டும். எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் ஆகாது.

முதலில் நாளைக்குச் செய்யலாம் என்று நினைத்தேன். மறுநாள் போனபோது, அவர் டம்ளரைக் கழுவித் தயாராக வைத்திருந்தார். அன்றைக்கும் ஜாலியைக் கால் திருகு திருகிவிட்டு வந்தேன். அடுத்த நாள் ஜாலி இருந்த பலகையையே தூக்கி நாலு சீட் தள்ளி மாற்றினேன். அவர் கால் வைத்துக்கொள்ள ஒரு அட்டைப் பெட்டி கொண்டுபோய்க் கொடுத்தேன். “கொஞ்சம் பரவாயில்ல,” என்பார். மறுநாள் மறுபடி புகார் வரும். காலையில் கம்ப்யூட்டரைத் திறக்கும்போது அந்த வரியைத்தான் முதலில் தேடினேன். அது வராவிட்டால் நான் நாலாவது மாடிக்குப் போக ஒரு காரணமும் இல்லை. சும்மா போய் உட்கார்ந்து பேசலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பல வருஷமாக யாரும் கூப்பிடாத இடத்துக்கு நான் போனதில்லை.

செப்டம்பர் போனது. தீபாவளி வந்தது. புகை கவிந்து ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டிடம் மங்கியது. வெளிக்காற்றை உள்ளே விடும் கதவுகளைக் குறைத்தோம், ஃபில்டர்களை மாற்றினோம். நவம்பர் கடைசியில் பாய்லரை ஓட்ட ஆரம்பித்தோம். ஜன்னலோரத்துச் சின்னப் பெட்டிகளில் சுடுதண்ணீர் ஓடியது. ஆனால் அக்கா உட்கார்ந்திருந்தது மூன்றாவது வரிசை. ஸ்கேனர் அப்போதும் சென்சாரில் அனலை ஊதிக்கொண்டிருந்தது. தரைக்கு அடியிலிருந்து அவருக்கு இன்னும் குளிர்காற்றே வந்தது. இரண்டு ஜோடி சாக்ஸ் போட ஆரம்பித்தார். ஒரு நாள் டீ குடிக்கும்போது ஒரு காலை இன்னொரு கால் மேல் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

“அரிக்குதாக்கா?”

“விரல் கொஞ்சம் வீங்கியிருக்கு. தண்டாதான், குளிரு. எங்க வீட்டுலயும் அப்படித்தான், மார்பிள் தரை.”

அன்றைக்காவது செய்திருக்கலாம். செய்யவில்லை. இன்றைக்கு மாலை என்று நினைத்தேன். மாலை ஒரு பம்ப் பழுதாகிவிட்டது. அது உண்மைதான். ஆனால் அதற்கு அடுத்த நாள் பம்ப் ஒன்றும் பழுதாகவில்லை.

டிசம்பர் இறுதியில் ஒரு நாள் புகார் வரவில்லை. பனிமூட்டத்தில் மெட்ரோ தாமதமாகியிருக்கும் என்று நினைத்தேன். மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் அவர் மேஜைக்குப் போன் செய்தேன், மணி அடித்து ஓய்ந்தது. மேலே போனேன். ஸ்கேனருக்குத் துணி போர்த்தியிருந்தது. வாசலில் இருந்த காவலாளி சொன்னார்: “மேடத்துக்குக் கால் விரலெல்லாம் புண்ணாயிடுச்சு. குளிர்ல உக்காந்து உக்காந்து அப்படி ஆயிடுச்சுன்னு டாக்டர் சொன்னாராம். லீவு போட்டிருக்காங்க.”

டில்லிக் குளிரில் பலருக்கும் அது வரும். விரல்கள் சிவந்து, வீங்கி, வெடித்துப் புண்ணாகும். அவர் வீட்டு மார்பிள் தரையும் காரணமாக இருந்திருக்கலாம், காலையில் மெட்ரோவுக்கு நடந்த நடையும் இருந்திருக்கலாம். இப்படியெல்லாம் நான் எனக்கே சொல்லிப் பார்த்தேன். ஆனால் ஒரு நாளில் எட்டு மணி நேரம் அவர் கால் இருந்த இடத்தின் வெப்பம் என் கம்ப்யூட்டரில் இருந்தது.

அன்று மத்தியானமே டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு போனேன். சென்சாரைத் தூணிலிருந்து கழற்றினேன். ஆறு பலகைகளைத் தூக்கி, வயரை இழுத்து, அவர் மேஜை ஓரத்தில் இடுப்புயரத்துக்குப் பொருத்தினேன். கீழே போய் எண்களை மாற்றிவிட்டு மறுபடி மேலே வந்தேன். நாற்பத்தைந்து நிமிஷம் ஆனது. ஷூவைக் கழற்றி, அவர் நாற்காலியில் உட்கார்ந்து, காலை கார்ப்பெட்டில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். மெல்ல மெல்லக் குளிர் குறைந்தது. ஒரு மணி நேரத்தில் தரை சாதாரணத் தரை மாதிரி ஆகிவிட்டது. எண்பது மேஜைகளுக்கு நடுவில் அவர் எப்படி உட்கார்ந்திருந்தார் என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. அங்கிருந்து பார்த்தால் லிஃப்ட் கதவு நேராகத் தெரிகிறது. யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டே வேலை செய்யலாம்.

பன்னிரண்டு நாள் கழித்து வந்தார். புகார் எதுவும் வரவில்லை, காவலாளிதான் போன் செய்து சொன்னார். போனேன். முன்பக்கம் திறந்த செருப்புக்குள் காட்டன் சாக்ஸ், விரல்களைச் சுற்றிக் கட்டு. சால்வையை மடித்து மேஜையில் வைத்திருந்தார்.

“வா வா. என்ன பண்ணினே? காலடியில குளிரே இல்ல. நான் லீவுல இருந்தப்போ பெரிய ரிப்பேரா?”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். டம்ளரை அவர் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார்.

“சின்ன ரிப்பேர்தான் அக்கா. அந்த சென்சாரை மாத்தினேன். ஸ்கேனர் சூடு அதுல அடிச்சுக்கிட்டு இருந்துச்சு.”

“அச்சா. இப்பதான் கண்டுபிடிச்சியா?”

“இல்லக்கா. ஆகஸ்ட்லயே தெரியும்.”

அவர் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றி முடித்து ஃப்ளாஸ்கை மூடினார்.

“ஆகஸ்ட்லயேவா?”

“ஆமா.”

“பர்மிஷன் கிடைக்கலியா?”

“கேக்கல. சரி பண்ணிட்டா நீங்க கூப்பிட மாட்டீங்கன்னு...”

அவர் தன் காலைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். குரலைக்கூட உயர்த்தவில்லை.

“டீ குடிக்க வரேன்கான்னு சொல்லியிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேனா?”

அவர் ஸ்கேனரின் மூடியைத் திறந்து ஒரு தாளை வைத்தார். அது ஓடியது. அடுத்த தாளை வைத்தார். டம்ளரில் டீ ஆறுவதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு லிஃப்டுக்குப் போனேன். குடித்துவிட்டு வந்திருக்க வேண்டுமா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

ஜனவரி முழுக்க அறுபத்திரண்டாம் சீட்டிலிருந்து ஒரு வரியும் வரவில்லை. என் வேலை என்ற கணக்கில் பார்த்தால் அது நல்ல செய்தி. கம்ப்யூட்டரில் அந்த மாடியின் எண்களைப் பார்ப்பேன். காலை ஒன்பதரைக்கு சென்சார் கால் டிகிரி ஏறும், வந்துவிட்டார். ஒன்றரை மணிக்குக் கொஞ்சம் இறங்கும். சாப்பிட எழுந்து போயிருக்கிறார். ஆறு மணிக்கு மெல்ல இறங்க ஆரம்பித்துக் காலை வரைக்கும் இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரு மனுஷியை அந்த மாதிரித் தெரிந்துகொள்வதில் என்ன இருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டை ஒன்றரை மணிக்கு மாற்றிக்கொண்டேன். அவரோடு சாப்பிடுவது மாதிரி ஒரு நினைப்பு. அறைக்கு வந்தால் போனில் அவர் எண் இருந்தது, போன் செய்யவில்லை. ‘மன்னிச்சிடுங்க’ என்று தமிழில் ஒரு செய்தி அடித்தேன். அவருக்குப் படிக்க வராது என்று ஞாபகம் வந்து அழித்துவிட்டேன். குரலில் பதிவு செய்து அனுப்பலாம். மூன்று தடவை முயன்று, என் குரலை நானே கேட்டுவிட்டு விட்டுவிட்டேன்.

பிப்ரவரி கடைசியில் ஒரு நாள் பேஸ்மென்ட் படிக்கட்டில் அக்கா இறங்கி வருவதை எங்கள் டெக்னீஷியன் ஒருவர் பார்த்து வந்து சொன்னார். அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். காலில் கட்டு இல்லை. இயந்திரங்கள் ஓடும் சத்தத்தில் பக்கத்தில் நின்று கத்தினால்தான் கேட்கும்.

“ஸ்கேனிங் முடிஞ்சுபோச்சு,” என்று கத்தினார். “நாளையோட சரி. நொய்டாவுக்கு வரச் சொல்றாங்க, நான் வேண்டாம்னுட்டேன். வி.ஆர்.எஸ். மாதிரி ஏதோ பணம் தராங்க.”

“கால் எப்படி இருக்குக்கா?”

“என்ன?”

“கால்.”

“ஆறிடுச்சு. கறுப்பா தழும்பு இருக்கு.” சுற்றிலும் பார்த்தார். “எதுதான் இந்தக் குளிரை அனுப்புது, காட்டு.”

பெரிய இயந்திரங்களைக் காட்டினேன். குளிர்காலம் முடியாததால் அவற்றில் ஒன்றுதான் ஓடியது. தண்ணீர் மேலே ஏறும் குழாயில் அவர் கையை வைக்கச் சொன்னேன். ரப்பர் சுற்றியிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. அது முடிகிற இடத்தில், வால்வுக்குப் பக்கத்தில், வெறும் இரும்பு தெரியும். அங்கே கையை வைத்ததும் சட்டென்று எடுத்துக்கொண்டார். சிரித்தார் என்று சொல்ல முடியாது. முகம் கொஞ்சம் இளகியது.

போகும்போது, “ஞாயித்துக்கிழமை லீவுதானே உனக்கு,” என்று கேட்டார்.

“லீவுதான்.”

“வீட்டுக்கு வா. டீ குடிக்க.”

அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளைச் சாதாரணமாகத்தான் சொன்னார். குத்திச் சொன்னாரா என்று நான் அன்று இரவெல்லாம் யோசிக்கவில்லை. வெறுமனே அழைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ள, அந்த ஒரு தடவை முயன்றேன்.

போனேன். ஜனக்புரியில் மூன்றாவது மாடி. தம்பி மனைவி கதவைத் திறந்தார். தம்பி பெண், கல்லூரிக்குப் போகிறவள், இது யார் என்று இந்தியில் கேட்டாள். “ஆபீஸ்ல ஏசி பாக்கறவங்க,” என்று அக்கா இந்தியில் சொன்னார். எனக்குச் சின்னதாக ஒரு வலி இருந்தது. வேறு எப்படிச் சொல்வார்? அது உண்மையும்கூட. அக்காவின் அறை சமையலறைக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு கட்டில், ஒரு பீரோ, தையல் மெஷின். ஆபீஸில் எண்பது பேர் கதையைச் சொன்னவர் அந்த வீட்டில் தாழ்ந்த குரலில் பேசினார். நானும் அவரும் கட்டிலின் இரண்டு முனையில் உட்கார்ந்திருந்தோம். என்ன பேசுவதென்று தெரியவில்லை. தூக்கிப் பார்க்கப் பலகை இல்லை, அடியில் யாருடைய பொருளும் இல்லை. டீயில் சர்க்கரை போதுமா என்று இரண்டு தடவை கேட்டார். போதும் என்று இரண்டு தடவை சொன்னேன்.

கிளம்பும்போது அவரும் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினார். மெட்ரோ வரைக்கும் நடந்தோம். மார்ச் மாதத்து இளவெயில். வழியில் கொய்யா வண்டி நின்றது. அவர் ஒரு பழத்தை வாங்கி, உப்பு மிளகாய்ப்பொடி தூவச் சொல்லி, பாதியை என்னிடம் கொடுத்தார்.

“உன்மேல கோவம் இன்னும் போகல,” என்றார், சாப்பிட்டுக்கொண்டே.

“தெரியும்கா.”

“ராத்திரி அரிக்கறப்போ வரும். பகல்ல மறந்துடும்.” கொய்யா விதையை நாக்கால் துழாவினார். “வீட்டுல இருக்கறது கஷ்டமா இருக்கு. பதினொரு மணி ஆச்சுன்னா எங்கயோ போகணும்போல இருக்கு.”

“எனக்கும்,” என்றேன்.

மெட்ரோ வாசலில் நின்றோம். உள்ளே போகிற கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. கூட்டத்தில் ஒருவர் அவர் காலை மிதித்துவிடப் போனார். நான் நடுவில் நகர்ந்து நின்றேன்.

“அடுத்த ஞாயித்துக்கிழமை உன் ரூமுக்கு நான் வரேன்,” என்றார். “கரோல் பாக்ல எங்கே?”

வழி சொன்னேன். எந்த வாசலில் வெளியே வரவேண்டும், எந்தத் துணிக்கடையில் திரும்பவேண்டும், எத்தனை மாடி ஏறவேண்டும் என்று. லிஃப்ட் கிடையாது என்பதையும் சொன்னேன். அவர் அதையெல்லாம் வாய்க்குள் ஒரு தடவை திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.